ஸ்மாலும் அல்ட்ராவும் ஒன்றா?

மலரில் எல்லோரும் நட்பு, நாடு, காதல் என்று எழுத, இவன் மட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டைத் தூக்கிக்கொண்டு வந்துட்டானே என்று சிரிக்காதீர்கள். ஒரு வருஷமாக மனசில் கிடந்த விஷயம் இது.

இங்கிலாந்தின் கிரியேட்டிவ் அசெம்பிளி நிறுவனம் உருவாக்கி 2016-ல் வெளிவந்த 'டோட்டல் வார்: வார்ஹாமர்' விளையாட்டு நம் விடுதியில் பலருக்கும் பழக்கம்தான். மனிதர், குள்ளர், ஆர்க், ரத்தக்காட்டேரி என்று மாய உலகத்துப் படைகள். ஒரு சேனைக்கு 20 பிரிவு வரை வைக்கலாம். ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை வீரர்கள் என்பதற்கு ஸ்மால், மீடியம், லார்ஜ், அல்ட்ரா என நாலு அளவு. ஸ்மாலில் இருப்பவர்கள் அல்ட்ராவில் நாலில் ஒரு பங்குதான்.

அறை நண்பனிடம் நல்ல மெஷின்; அவன் அல்ட்ரா. என்னுடையது அம்மா சீட்டு எடுத்து வாங்கிக் கொடுத்த செகண்ட் ஹேண்ட் லேப்டாப். ஸ்மாலுக்கு மேல் போனால் மூச்சு திணறும். ஈட்டிக்காரர்களை நடுவில் நிறுத்து, அவர்கள் தாங்கும்போது குதிரைப்படையைச் சுற்றி அனுப்பிப் பின்னால் அடி என்று அவன் சொல்லிக் கொடுத்தான். அப்படியே செய்தேன். குதிரை போய்ச் சேருவதற்குள் ஈட்டிக்காரன் ஓடிப்போயிருப்பான். ஒவ்வொரு முறையும்! "உனக்கு மண்டையில ஏறாதுடா மச்சி" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த வார்த்தை எனக்கு வேறு மாதிரி கேட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஊருக்குப் போயிருந்தபோது அவன் மெஷினில் அதே படை, அதே வியூகம் வைத்து ஆடினேன். ஜெயித்துவிட்டேன். அப்புறம்தான் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

120 பேரை 6 வரிசையாக நிறுத்தினால் முன்வரிசையில் 20 பேர். ஆறில் ஒருவன்தான் அடி வாங்குகிறான். 30 பேரை 3 வரிசையாக நிறுத்தினால் முன்னால் 10 பேர், மூன்றில் ஒருவன். ஆகப் படை இரண்டு மடங்கு வேகமாகக் கரையும். ஆனால் மைதானம் சுருங்கவில்லை, குதிரை ஓடும் தூரமும் குறையவில்லை. அப்புறம் எப்படி நேரத்துக்குப் போய்ச் சேரும்?

மந்திரம் இன்னும் மோசம். நெருப்பு விழும் வட்டத்துக்குள் 20 பேர் நிற்கிறார்கள் என்று வைப்போம். 120-ல் அது ஒரு காயம். 30-ல் பிரிவே காலி. டிராகன் விஷயம் கேட்கவே வேண்டாம். ஆளைக் குறைக்கலாம், டிராகனைக் கால்வாசியாக வெட்டி அனுப்ப முடியுமா? அதன் உயிரைக் குறைக்காமல் விட்டால் அதை அடக்க ஆளில்லை. ஆளுக்கேற்ப உயிரைக் குறைத்தால், அதே அம்பும் அதே குண்டும் சீக்கிரம் சாய்த்துவிடும். எந்தப் பக்கம் இழுத்தாலும் தராசு நேராக நிற்காது.

என் கோபம் ஸ்மால் அளவு இருப்பதில் இல்லை. அது இல்லாவிட்டால் என் லேப்டாப்பில் விளையாட்டே ஓடாது. அதை கிராஃபிக்ஸ் பக்கத்தில், நிழல், புல் இதோடு சேர்த்து வைத்திருக்கிறார்களே, அதுதான் கோபம். நிழலை அணைத்தால் அழகுதான் குறையும். ஆளைக் குறைத்தால் சண்டையின் சட்டமே மாறுகிறது. போர் விதிகளோடு வைத்து, "இது கடினத்தை மாற்றும்" என்று ஒரு வரி எழுதினால் என்ன நஷ்டம்? பழைய மெஷின் வைத்திருக்கிறவன் தன்னையே மட்டம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லையே.

நோட்டை நண்பனிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். "சரி, செமஸ்டர் முடியட்டும், ரெண்டு பேரும் ஒரே அளவுல ஆடலாம்" என்றான். ஸ்மாலா, அல்ட்ராவா என்பதில்தான் இன்னும் வாக்குவாதம் ஓடுகிறது.