செத்தது கம்ப்யூட்டரா, பேட்டரியா?

2015-இல் ஃபோக்ஸ்வாகன் இந்தியாவில் 3,23,700 டீசல் கார்களைத் திரும்ப அழைத்தது. முக்கியமாக எதற்கு? என்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்ற! இன்று மயிலாடும்பாறையில் இலவம் பஞ்சு ஏற்றும் பிக்கப்பிலும் அந்த மாதிரி கம்ப்யூட்டர் உண்டு.

புரோகிராம் ஏற்றும்போது பழசு முதலில் அழியும். பிறகே புதுசு பதியும். நடுவில் பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. உடனே "கம்ப்யூட்டர் போச்சு, புதுசு வாங்குங்க" என்று வண்டிக்காரர் தலையில் கட்டுவது அநியாயம்ங்க! பெரும்பாலும் 'பூட் லோடர்' என்ற சின்னப் பகுதி அழியாமல் இருக்கும். பேட்டரி, ஃபியூஸ், எர்த் எல்லாம் பார்த்து, அதே ஃபைலை மறுபடி ஏற்றினால் பல வண்டி பிழைச்சிடும். அப்படியும் ஸ்கேனரோடு பேசாவிட்டால்தான் கழற்றணும்.

இதற்குச் சாதா சார்ஜர் உதவாது. வோல்டேஜ் ஆடாத பவர் சப்ளை வேணும். நம்ம லேபுக்கு முதலில் அதை வாங்கட்டும், இண்டஸ்ட்ரியல் டூர் அப்புறம்!