ஆச்சிக்கு ஊசி... பேரனுக்கு எஸ்.எம்.எஸ்.!

சின்ன வயசுல போலியோ சொட்டு மருந்து போட்டுக்கிட்டது ஞாபகம் இருக்கா? வாயில ரெண்டு சொட்டு... இடது கை சுண்டுவிரல்ல கொஞ்சம் மை. அவ்வளவுதான் ரிக்கார்டு! வீட்டுச் சுவர்ல சாக்பீஸால ஆங்கில 'பி' எழுதியிருந்தா, அந்த வீட்டுக் குழந்தைங்க எல்லாருக்கும் போட்டாச்சு. 'எக்ஸ்' எழுதியிருந்தா யாரோ விட்டுப் போயிருக்காங்க, திரும்ப வரணும். 2014 மார்ச்ல இந்தியா போலியோ இல்லாத நாடுன்னு சான்றிதழ் வாங்கினதுல இந்த மைக்கும் சாக்பீஸுக்கும் பங்கு உண்டு.

ஆனா, கொரோனாவுக்கு மை பத்தலை. ஏன்னா, ரெண்டு டோஸ். ரெண்டும் ஒரே மருந்தா இருக்கணும், நடுவுல இத்தனை வாரம் இடைவெளி வேணும். யாருக்கு, எது, எப்போ போட்டதுன்னு விரல் மை சொல்லுமா? அதுக்குத்தான் 2021 ஜனவரி 16-ல் 'கோவின்' வந்தது. ஊசி போடற இடத்துலயே ஒருத்தர் செல்போனோ டேப்லெட்டோ வெச்சுக்கிட்டு, அடையாள அட்டையைப் பார்த்து என்ட்ரி போடுவார். உங்க போனுக்கு எஸ்.எம்.எஸ்., க்யூ.ஆர். கோடோட சர்டிபிகேட்! அந்த வருஷம் செப்டம்பர் 12-ல் தமிழ்நாட்டு மெகா முகாம்கள்ல ஒரே நாள்ல 28 லட்சம் பேருக்கு மேல ஊசி போட்டாங்க. நோட்டுல எழுதியிருந்தா கூட்டிப் பார்க்கவே எத்தனை நாள் ஆகியிருக்கும்?

சூப்பர் மேட்டர்தான். ஆனா, நாங்குநேரி பக்கம் ஒரு கிராமத்து முகாமை நினைச்சுப் பாருங்க. ஆச்சிகிட்ட செல்போன் கிடையாது. ஒரு நம்பர்ல நாலு பேர் பதியலாம்னு அப்போ ரூல். ஸோ, கோயமுத்தூர்ல வேலை பார்க்கிற பேரன் நம்பரைக் கொடுக்கிறாங்க. ஊசி இங்கே, மெசேஜ் அங்கே! பேரன் சிம்மை மாத்திட்டா?

அடுத்து பெயர். அந்தப் பக்கம் இசக்கியும் வானமாமலையும் தெருவுக்குத் தெரு உண்டு. இசக்கிக்கு ஆங்கிலத்துல ஒரு 'கே'யா, ரெண்டு 'கே'யா? அவசரத்துல ஒரு எழுத்து மாறினா, ஆதார்ல ஒருத்தர், சர்டிபிகேட்ல இன்னொருத்தர்! பெயர், பிறந்த வருஷம், பாலினத்தைத் திருத்தறதுக்குன்னே 2021 ஜூன்ல தனி வசதி கொண்டுவர வேண்டியதாப் போச்சு.

இன்னொரு கூத்தும் நடந்தது. புக் பண்ணிட்டுப் போகாதவங்களுக்கும் 'ஊசி போட்டாச்சு'ன்னு மெசேஜ் வந்தது. அதனால மே 8-லிருந்து, ஆன்லைன்ல புக் பண்ணினவங்களுக்கு நாலு இலக்க ரகசிய எண் கொடுத்தாங்க. அதை நீங்க சொன்னாத்தான் என்ட்ரி. சின்ன ஐடியாதான். ஆனா, பூட்டோட சாவி நம்ம கைக்கு வந்திருச்சு இல்லையா?

இப்போ குழந்தைங்க, கர்ப்பிணிங்க தடுப்பூசிக்கு இதே மாதிரி 'யு-வின்' இருக்கு. ஸோ, ரெண்டே வேலை பாஸ். ஒண்ணு, இந்த வாரம் ஊருக்குப் போனா, வீட்டுப் பெரியவங்க சர்டிபிகேட்ல பெயரும் வருஷமும் சரியா இருக்கா, எந்த நம்பர்ல பதிவாகியிருக்குன்னு பாருங்க. ரெண்டு, என்.எஸ்.எஸ். முகாம்ல உங்களை டேட்டா என்ட்ரிக்கு உட்கார வெச்சா, பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி எதிர்ல இருக்கறவங்ககிட்ட பெயரையும் வயசையும் வாய்விட்டுப் படிச்சுக் காட்டுங்க. படிக்கத் தெரியாத ஆச்சிக்கு உங்க குரல்தான் ஸ்கிரீன்!

அடுத்த வாரம் பார்ப்போமா?