கண்ணீரை விடுங்கள், சம்பளச் சீட்டைக் காட்டுங்கள்

உலகின் முதல் படங்களில் ஒன்று தொழிலாளர்களைப் பற்றியது. 1895இல் பிரான்சின் லியோன் நகரில் லூமியேர் சகோதரர்கள் தங்கள் சொந்தத் தொழிற்சாலையின் வாசலுக்கு எதிரே கேமராவை வைத்தார்கள். கதவு திறக்கிறது. பெண்களும் ஆண்களும் வெளியே வருகிறார்கள். ஒரு நிமிடத்துக்குள் படம் முடிந்துவிடுகிறது. கேமரா முதலாளியுடையது, அதன் முன் நடந்தவர்கள் அவரிடம் கூலி வாங்கியவர்கள். உள்ளே எத்தனை மணி நேர வேலை, என்ன கூலி என்று அந்தப் படம் சொல்லவில்லை.

130 ஆண்டுகள் கழித்தும் நம் ஆவணப்படங்கள் பலவும் அந்த வாசலிலேயே நிற்கின்றன. தாம்பரம் சானடோரியத்தில், ஜி.எஸ்.டி. சாலையோரம், 1984இல் தொடங்கப்பட்ட மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் இருக்கிறது. ஷிப்ட் மாறும் நேரத்தில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய பெண்கள் கூட்டமாக ரயிலுக்கும் பேருந்துக்கும் ஓடுவதை இந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கேமராவுடன் உள்ளே போக முடியாது. ஆகவே இயக்குநர் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போகிறார். அங்கே அவளை அழவைக்கிறார்.

என் மாணவிகள் எடுத்துவரும் குறும்படங்களிலும் இதைத்தான் பார்க்கிறேன். வெடித்த பாதம், காய்த்துப்போன கை, பின்னணியில் புல்லாங்குழல். "கஷ்டமா இருக்காக்கா?" என்று ஒரு குரல் கேட்கிறது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைக்கிறாள். கேமரா இன்னும் நெருங்குகிறது. மாணவிகள்மேல் எனக்குக் கோபமில்லை. கைதட்டல் வாங்கிய படங்களைப் பார்த்துத்தானே கற்றுக்கொண்டார்கள்!

கண்ணீருக்கு முதலாளி கிடையாது. சம்பளச் சீட்டுக்கு உண்டு. அதில் பிடித்தம் இருக்கிறது, பி.எஃப். இருக்கிறது, ஓ.டி. கணக்கு இருக்கிறது. மிகைநேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. அந்தச் சீட்டைத் திரையில் காட்டி, "இரட்டிப்பு எங்கே?" என்று கேட்டால் பார்வையாளர் பரிதாபப்பட்டுவிட்டு எழுந்துபோக முடியாது. யாரோ ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும்.

அப்படிக் கேட்ட படத்துக்கு என்ன நடந்தது? 2017இல் திவ்யபாரதி 'கக்கூஸ்' எடுத்தார். அதிலும் கண்ணீர் உண்டு. ஆனால் மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்த 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கும்போது, குறிப்பிட்ட சாதியினரையே அந்த வேலைக்கு அனுப்புவது யார் என்று அந்தப் படம் கேட்டது. திரையிடல்கள் தடுக்கப்பட்டன. 2009இல் நடந்த மாணவர் போராட்ட வழக்கொன்றைத் தோண்டியெடுத்து அவரைக் கைதுசெய்தார்கள். தொலைபேசியில் வந்த ஆபாச மிரட்டல்கள், கேள்வி கேட்டவர் பெண் என்பதற்கான தனித் தண்டனை.

"முகத்தைக் காட்டிப் பேசினால் அவர்களுக்கு வேலை போய்விடுமே?" என்பார்கள். போகும். அழும் முகத்தைக் காட்டினாலும் போகும். எனவே முகத்தை விடுங்கள். பெயரை மறைத்துச் சீட்டைக் காட்டுங்கள். எதைக் காட்டலாம், எதை வெட்ட வேண்டும் என்பதை அவளே சொல்லட்டும். படப்பிடிப்புக்காக அவள் இழக்கும் ஒருநாள் கூலியைப் பட்ஜெட்டில் எழுதுங்கள். முதல் திரையிடல், நான்கைந்து பெண்கள் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் அவர்களது அறையில் நடக்கட்டும். விழாக்கள் பிறகு.

இது நடக்காத காரியமில்லை. 1980களின் தொடக்கத்தில் தீபா தன்ராஜும் தோழிகளும் நடத்திய 'யுகாந்தர்' குழு செய்துகாட்டியிருக்கிறது. புணேயின் வீட்டு வேலைப் பெண்கள் சங்கமாகத் திரண்டதை 1981இலும், நிப்பாணியின் புகையிலைத் தொழிலாளிப் பெண்களின் போராட்டத்தை 1982இலும் அந்தப் பெண்களோடு கலந்துபேசியே படமாக்கினார்கள். அவற்றில் பெண்கள் தங்கள் வேலையையும் கூலியையும் தாங்களே விவரிக்கிறார்கள், தாங்களே முடிவெடுக்கிறார்கள்.

அப்போது ஃபிலிம் சுருளுக்கே பணம் தேட வேண்டியிருந்தது. இன்று கேமரா உங்கள் கைப்பையில் கிடக்கிறது. அடுத்தமுறை அதை எடுக்கும்போது "கஷ்டமா இருக்காக்கா?" என்று கேட்காதீர்கள். "இந்த மாசம் எவ்ளோ பிடிச்சாங்க?" என்று கேளுங்கள்.