நான்கு பருவத்துக்கும் ஒரே டயர்! வேகக் கார்க்காரர்களுக்கு வந்த தலைவேதனை

ஜெர்மனி நாட்டில் அக்டோபர் மாதம் பிறந்தால் மோட்டார் ரிப்பேர் கடைகளில் கூட்டம் தாங்காது. வாசலில் கார்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றாக உள்ளே போகும். நான்கு சக்கரத்தையும் கழற்றுவார்கள். வேறு நான்கு சக்கரத்தை மாட்டுவார்கள். கார் வெளியே வரும்.

கழற்றிய டயர் வெடித்துவிட்டதா? இல்லை. தேய்ந்து மொட்டையாகி விட்டதா? அதுவும் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது கோடைக்கால டயர். இனி வரப்போவது பனிக்காலம்.

"அக்டோபர் முதல் ஈஸ்டர் வரை" என்பது அந்த நாட்டில் எல்லாரும் சொல்லும் கணக்கு. அக்டோபரில் பனிக்கால டயர் மாட்ட வேண்டும். ஈஸ்டர் பண்டிகை வந்ததும் கழற்ற வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தடவை இந்த வேலை. செலவும் உண்டு.

"இந்தத் தொல்லை எதற்கு? பன்னிரண்டு மாதமும் ஓடுகிற ஒரே டயரை மாட்டிவிட்டால் என்ன?" என்று பலர் கேட்கிறார்கள். அப்படி ஒரு டயர் இருக்கத்தான் செய்கிறது. "ஆல் சீசன் டயர்" என்று பெயர். எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற டயர் என்று அர்த்தம்.

ஊருக்குள் மெதுவாக ஓடும் சின்னக் கார் வைத்திருப்பவருக்கு இது பெரிய கேள்வி அல்ல. வேகத்துக்கென்றே செய்த ஸ்போர்ட்ஸ் ரகக் கார் வைத்திருப்பவருக்குத்தான் தலைவேதனை. 2024-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி அமலுக்கு வந்த ஒரு விதி அந்தத் தலைவேதனையை இன்னும் அதிகமாக்கி விட்டது.

குளிரில் விறைக்கும் ரப்பர்

நம் ஊரில் சித்திரையிலும் அதே டயர்தான், மார்கழியிலும் அதே டயர்தான். அங்கே மட்டும் ஏன் இந்த வம்பு?

ரப்பர் சூட்டில் இளகும். குளிரில் விறைக்கும். ரோடு வழவழப்பாகத் தெரிந்தாலும் அதில் பொடிப்பொடியாக மேடும் பள்ளமும் உண்டு. ரப்பர் இளகி அந்தப் பள்ளங்களில் பதிந்தால்தான் பிடிப்பு வரும். பிடிப்பு இருந்தால்தான் பிரேக் போட்டதும் கார் நிற்கும்.

கோடைக்கால டயரின் ரப்பர், வெயிலைத் தாங்குவதற்காகக் கெட்டியாகச் செய்யப்பட்டது. வெப்பநிலை 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் அது தன் பிடிப்பை இழக்க ஆரம்பிக்கும் என்று அங்கே ஒரு பொதுக் கணக்கு வைத்திருக்கிறார்கள். 7 டிகிரி என்பது கோடு கிழித்தாற்போல் இருக்கும் எல்லை அல்ல. டயருக்கு டயர் மாறும். ஆனால் உறைபனி மூடிய ரோட்டில் கோடைக்கால டயர் சறுக்கு மரத்தில் விட்ட பலகை மாதிரிதான்.

பனிக்கால டயரின் ரப்பர் வேறு. கடுங்குளிரிலும் அது மெத்தென்றே இருக்கும். அதன் மேல்பரப்பில் கத்தியால் கீறியது போல நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் இருக்கும். அந்தக் கீறல்கள் பனியைக் கவ்விப் பிடிக்கும். ஆனால் இதே டயரை வெயிலில் ஓட்டினால் ரப்பர் அளவுக்கு மேல் இளகிவிடும். சீக்கிரம் தேயும். பிரேக் போட்டால் தள்ளிப் போய் நிற்கும்.

ஒரு டயர் ரோட்டைத் தொடும் இடம் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய ஒரு மனிதனின் கை அகலம்தான். அப்பா, அம்மா, பிள்ளைகள், மூட்டை முடிச்சு, காரின் கனம் எல்லாம் நான்கு கை அகல ரப்பரை நம்பித்தான் போகின்றன.

எல்லாப் பருவ டயர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது. ரப்பரும் நடுத்தரம், கீறலும் நடுத்தரம். 1977-ம் ஆண்டு அமெரிக்காவின் குட்இயர் கம்பெனி "டியம்போ" என்ற பெயரில் இப்படிப்பட்ட டயரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அமெரிக்க ஜனங்களுக்கு அது பிடித்துப் போயிற்று. ஐரோப்பியர்கள் வெகுகாலம் தயங்கினார்கள். 2015-ம் ஆண்டு பிரான்சின் மிஷெலின் கம்பெனி, கோடைக்கால டயரைப் போல் ஓடி, பனிக்கும் தாங்கும் என்று சொல்லி ஒரு டயரை வெளியிட்டது. அதன் பிறகு ஐரோப்பாவிலும் மவுசு ஏறியது. இந்த ரக டயருக்குப் பேர்போன நெதர்லாந்துக் கம்பெனி வ்ரெடெஸ்டைன். அதை 2009-ம் ஆண்டு விலைக்கு வாங்கியது வேறு யாருமல்ல, இந்தியாவின் அப்போலோ டயர் கம்பெனிதான்!

இரண்டு எழுத்தும் ஒரு மலையும்

டயரின் பக்கவாட்டில் என்னென்னவோ எழுதியிருக்கும். யாரும் படிப்பதில்லை. ஆனால் ஜெர்மனியில் இப்போது அதைப் படித்தே தீர வேண்டும்.

பழைய எல்லாப் பருவ டயர்களில் "எம் பிளஸ் எஸ்" என்ற முத்திரை இருக்கும். "சேறும் பனியும்" என்பதன் சுருக்கம். இந்த முத்திரையைக் குத்துவதற்கு எந்தப் பரீட்சையும் தேவையில்லை. டயரின் மேல்பரப்பில் பள்ளங்கள் இன்ன மாதிரி இருந்தால் போதும். பனியில் ஓட்டிப் பார்த்தார்களா என்று கேட்பார் கிடையாது.

இன்னொரு முத்திரை உண்டு. மூன்று சிகரம் கொண்ட ஒரு மலை. அதற்குள் ஒரு பனிப்பூ. இது சும்மா கிடைக்காது. டயரை நிஜப் பனியில் ஓட்டி, ஒரு மாதிரி டயரோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். குறிப்பிட்ட அளவு அதிகமாகப் பிடித்தால்தான் மலை முத்திரை.

2010-ம் ஆண்டு ஜெர்மனி ஒரு விதியைக் கொண்டு வந்தது. ரோட்டில் பனியோ, உறைந்த ஈரமோ இருந்தால் பனிக்கு ஏற்ற டயர் இல்லாமல் கார் ஓட்டக்கூடாது என்றது. அப்போது "எம் பிளஸ் எஸ்" முத்திரையே போதும் என்று விட்டுவிட்டார்கள். 2017-ல் அதை இறுக்கினார்கள். மலை முத்திரைதான் செல்லும், ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் செய்த பழைய டயர்களை 2024 செப்டம்பர் 30-ந் தேதி வரை ஓட்டிக்கொள்ளலாம் என்று தவணை கொடுத்தார்கள்.

அந்தத் தவணை முடிந்துவிட்டது. மலை இல்லாத டயரோடு பனி ரோட்டில் அகப்பட்டால் ஓட்டுகிறவருக்கு 60 யூரோ அபராதம். அவர் பெயரில் ஒரு கரும்புள்ளியும் ஏறும். காரைக் கொடுத்து அனுப்பிய சொந்தக்காரருக்கும் 75 யூரோ. விபத்து நடந்துவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனியும் கேள்வி கேட்கும்.

வேகக் கார்க்காரர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அமெரிக்காவில் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கென்று தனி ரக ஆல் சீசன் டயர்கள் உண்டு. வெயிலிலும் மழையிலும் நன்றாகவே ஓடும். ஆனால் அவற்றில் பலவற்றில் அந்த இரண்டு எழுத்துத்தான் இருக்கிறது, மலை இல்லை. பெயர் "எல்லாப் பருவம்". ஆனால் ஜெர்மனியின் பனி ரோட்டில் சட்டத்தின் கண்ணுக்கு அது வெறும் கோடைக்கால டயர்! கடைக்காரர் சொல்லும் பெயரை நம்பாமல், குனிந்து டயரைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

நான்கு மீட்டர் வித்தியாசம்

வோல்க்ஸ்வாகன் கம்பெனியின் "கோல்ப் ஜி.டி.ஐ." ஜெர்மனியின் பிரபலமான வேகக் கார். மணிக்கு 250 கிலோமீட்டர் வரை போகக்கூடியது. அதற்கு மாட்டும் டயர்களில் ஒன்றின் அளவு 225/40 ஆர் 18, 92 ஒய்.

இது ஏதோ ரகசியக் குறி அல்ல. டயரின் அகலம் 225 மில்லி மீட்டர். பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு 40 பங்கு, அதாவது 90 மில்லி மீட்டர். 18 என்பது உள்ளே இருக்கும் உலோக வளையத்தின் அங்குலக் கணக்கு. 92 என்றால் ஒரு டயர் 630 கிலோ தாங்கும். "ஒய்" என்றால் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும்.

பக்கச் சுவர் குட்டையாக இருப்பதால்தான் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் சட்டென்று திரும்புகிறது. எல்லாப் பருவ டயரில் ரப்பர் மெத்தென்று இருப்பதாலும், கீறல்கள் அதிகம் என்பதாலும் அந்தச் சுறுசுறுப்பு குறையும். பேனா பிடித்து எழுதியவர் கையில் பெயின்ட் பிரஷ்ஷைக் கொடுத்தது போல இருக்கும்.

எல்லாப் பருவ டயர்களில் பல "வி" வகை. 240 கிலோமீட்டர்தான் அதன் எல்லை. காரோ 250 போகும். சட்டம் இதை அனுமதிக்கிறது. ஆனால் "240-க்கு மேல் போகாதே" என்று ஒரு சீட்டை ஓட்டுகிறவர் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும். ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளில் பல இடங்களில் வேகத்துக்கு எல்லையே கிடையாது. 130-ஐத் தாண்டாமல் போவது நல்லது என்று யோசனை மட்டும் சொல்கிறார்கள். அதனால் அந்தச் சீட்டு வெறும் அலங்காரம் அல்ல.

சுறுசுறுப்பு போனால் போகட்டும். உயிர் விஷயம் என்ன? ஒரு கணக்கைப் பாருங்கள்.

வெயில் காலம். காய்ந்த ரோடு. இரண்டு கார்கள் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகின்றன. ஒரே இடத்தில் இரண்டு பேரும் பிரேக் போடுகிறார்கள். நல்ல கோடைக்கால டயர் மாட்டிய கார் 40 மீட்டரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு காரின் டயருக்குப் பிடிப்பு நூற்றுக்கு 10 பங்கு குறைவு. அது 44 மீட்டரைத் தாண்டி நிற்கும்.

"நாலு மீட்டர்தானே?" என்று தோன்றும். ஆனால் முதல் கார் முழுதாக நின்றுவிட்ட அதே இடத்தில், இரண்டாவது கார் இன்னும் மணிக்கு 31 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்! அந்த இடத்தில் ஒரு சிறுவன் பந்தை எடுக்க ஓடி வந்திருந்தால்?

பனி ரோட்டில் இந்தக் கணக்கு தலைகீழாக மாறும். அங்கே கோடைக்கால டயர்தான் ஆளைக் கவிழ்க்கும். எல்லாப் பருவ டயர் அதைவிட எவ்வளவோ மேல். ஆக, எல்லாப் பருவ டயரை மாட்டுகிறவர் குளிர்காலத்துக்கு வாங்கும் பத்திரத்துக்குக் கோடைக்காலத்தில் விலை கொடுக்கிறார். கார் எவ்வளவு வேகமானதோ அவ்வளவு விலை.

டயருக்கு ஓட்டல்

கழற்றிய டயர்களை எங்கே வைப்பது? மாடி வீட்டில் குடியிருப்பவர் என்ன செய்வார்? அதற்கும் ஜெர்மனியில் வழி உண்டு. ரிப்பேர் கடைக்காரர்களே வாடகைக்கு வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கிடங்குக்கு "டயர் ஓட்டல்" என்றே பெயர்! டயருக்குச் சாப்பாடு போடுவதில்லை, வாடகை மட்டும் வாங்குவார்கள்.

ஒரே டயர் மாட்டினால் இந்த வாடகை மிச்சம். மாற்றும் கூலி மிச்சம். கணக்கு சுலபமாகத் தெரிகிறது. ஆனால் இரண்டு ஜோடி டயர் இருந்தால் ஆளுக்கு ஆறு மாதம் தேய்கின்றன. ஒரே ஜோடி என்றால் அதுவே பன்னிரண்டு மாதமும் தேய வேண்டும். சக்தி வாய்ந்த காரில் இன்னும் சீக்கிரம் தேயும். வாங்கும்போது தெரிகிற மிச்சம் முழுதாகக் கையில் நிற்பதில்லை.

பெரிய மோட்டார்க்காரர் சங்கமான "அடாக்" ஆண்டுதோறும் டயர்களைச் சோதித்துப் பார்க்கிறது. பனி குறைவான சமவெளியில், குறைந்த தூரம் ஓட்டி, பனி கொட்டும் நாளில் காரை வீட்டில் விட்டுவிடக் கூடியவருக்கு எல்லாப் பருவ டயர் பொருந்தும் என்பது அதன் யோசனை.

இதில் நியாயம் இருக்கிறது. ரைன் நதிக்கரையில் கொலோன் நகரத்தில் குளிர் மிதம். அங்கே வேகக் கார் வைத்திருந்தும் நிதானமாக ஆபீஸ் போய்வருபவர், மலை முத்திரை உள்ள எல்லாப் பருவ டயரைத் தாராளமாக வாங்கலாம். பவேரியா மலையடிவாரத்தில் இருப்பவர் வாங்கக்கூடாது. நெடுஞ்சாலையில் 200-ஐத் தொட ஆசைப்படுபவரும் வாங்கக்கூடாது. வேகத்துக்காகக் காசைக் கொட்டிக் கார் வாங்கிவிட்டு டயரில் கஞ்சத்தனம் செய்வது, பட்டுப் புடவை வாங்கிச் சாயம் போகிற நூலில் தைத்த கதைதான்.

"என் காரில் நான்கு சக்கரமும் இழுக்கும். எனக்கென்ன பயம்?" என்று சிலர் பேசுவார்கள். நான்கு சக்கரமும் இழுத்தால் பனியில் கார் சுலபமாகக் கிளம்பும், அவ்வளவுதான். நிற்பதற்கு எந்தக் காருக்கும் நான்கு சக்கரத்திலும் பிரேக் உண்டு. அங்கே டயர்தான் பேசும்.

வாங்குகிறவர் நான்கு டயரையும் ஒரே ரகமாக வாங்க வேண்டும். தேதியையும் பார்க்க வேண்டும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். "2324" என்று இருந்தால், 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது.

எல்லையில் காத்திருக்கும் ஆபத்து

வாங்கிய பிறகும் ஒரு சிக்கல் உண்டு. புது டயரின் பள்ளம் ஏறக்குறைய 8 மில்லி மீட்டர் ஆழம் இருக்கும். தேய்ந்து தேய்ந்து 1.6 மில்லி மீட்டருக்குக் குறையாத வரை ஜெர்மனியில் சட்டப்படி ஓட்டலாம்.

பக்கத்து நாடான ஆஸ்திரியாவில் அப்படி அல்ல. நவம்பர் 1-ந் தேதி முதல் ஏப்ரல் 15-ந் தேதி வரை, ரோட்டில் பனி இருந்தால் பள்ளம் 4 மில்லி மீட்டர் இருந்தாக வேண்டும். குறைந்தால் அது பனிக்கால டயர் என்ற கணக்கிலேயே சேராது.

மியூனிக் நகரத்துக் குடும்பம் ஒன்று கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஆஸ்திரிய மலைகளில் பனிச் சறுக்கு விளையாடப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கோடை முழுவதும் வேகமாக ஓடிய எல்லாப் பருவ டயர் 3 மில்லி மீட்டருக்குத் தேய்ந்து கிடக்கிறது. வீட்டு வாசலில் அது நல்ல டயர். எல்லையைத் தாண்டிக் குப்ஸ்டைன் ஊருக்குள் பனியில் நுழைந்தால் செல்லாத டயர்.

இதை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். 2 யூரோ நாணயம் ஒன்று போதும். அதன் ஓரத்தில் வெள்ளி நிற வளையம் 4 மில்லி மீட்டர் அகலம் இருக்கும். நாணயத்தை டயரின் பள்ளத்தில் செருகிப் பார்க்க வேண்டும். வெள்ளி வளையம் முழுதும் உள்ளே மறைந்தால் குடும்பம் புறப்படலாம். வளையம் வெளியே தெரிந்தால், ரயில் டிக்கெட் எடுக்க வேண்டியதுதான்.