100-ல் போகும் காருக்கு 190 டயர் எதுக்கு?

கரையான்சாவடி சந்திப்பில் ‘பீக் ஹவர்’ல கார் 20 கி.மீ. வேகத்தைத் தொட்டாலே பெரிய விஷயம். அதே கார் வெள்ளிக்கிழமை இரவு பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறினால், மணிக்கணக்கில் 100-ஐ ஒட்டியே ஓடுகிறது. டயரின் பக்கவாட்டில் இருக்கும் ஓர் எழுத்துக்கு வேலை அங்கேதான்.

‘165/80 ஆர்14 85டி’ என்று ஒரு டயரில் இருந்தால், நடுவில் உள்ள ‘ஆர்’ ரேடியல் டயர் என்பதைக் குறிக்கிறது. 85 என்பது சுமைக் குறியீடு. ஒரு டயர் 515 கிலோ தாங்கும். கடைசியில் உள்ள ‘டி’தான் ஸ்பீடு ரேட்டிங். ‘எஸ்’ என்றால் 180 கி.மீ., ‘டி’ 190, ‘எச்’ 210, ‘வி’ 240. அகர வரிசையில் முன்னால் வந்தாலும் ‘டி’யைவிட ‘எச்’ மேல். பலரும் குழம்புவது இங்கேதான்.

“நம்ம ஊர்ல யாரு சார் 190-ல போறாங்க? சைஸ் ஒண்ணுதான், இதையே போட்டுக்கலாம்” என்பது டயர் கடைகளில் சகஜமான பேச்சு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். எக்ஸ்பிரஸ்வேயில்கூட இங்கே 120-க்கு மேல் அனுமதி இல்லையே!

ஆனால் அந்த எழுத்து ‘இவ்வளவு வேகத்தில் ஓட்டலாம்’ என்ற லைசென்ஸ் அல்ல. எவ்வளவு சூட்டை டயர் தாங்கும் என்பதற்கான அளவு அது. ஆய்வகத்தில் சுழலும் உருளையின் மீது புது டயரை வைத்து, சரியான காற்று, குறிப்பிட்ட சுமையுடன் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிச் சோதித்துத் தருவது. நிஜத்தில் நடப்பது வேறு. காற்று குறைவு, ஐந்து பேர், டிக்கி நிறைய பெட்டிகள், மே மாத வெயில். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நசுங்கி விரிகிறது. உள்ளே சூடு ஏறுகிறது. 100-க்கும் 190-க்கும் நடுவே இருக்கும் இடைவெளியை இதெல்லாம் சேர்ந்து தின்றுவிடும். அந்த இடைவெளிதான் குடும்பத்தின் பாதுகாப்பு.

அதனால் கார் நிறுவனம் சொன்ன எழுத்துக்கும் சுமைக் குறியீட்டுக்கும் கீழே இறங்கவே கூடாது. நான்கில் ஒரு டயர் மட்டும் குறைந்த ரேட்டிங் என்றால், மொத்தக் காருக்கும் அதுதான் எல்லை. அதற்காக ‘வி’ போட்டால் இன்னும் சேஃப் என்று கூடுதலாகச் செலவழிப்பதும் தேவையில்லாதது. காற்று இல்லாத ‘வி’யைவிட, காற்று சரியாக இருக்கும் ‘டி’ மேல்.

டயரின் தயாரிப்புத் தேதியும் முக்கியம். பக்கவாட்டில் 2319 என்று இருந்தால் 2019-ன் 23-வது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பருக்கு வயசாகும்.

பெங்களூரு கிளம்பும் முன் பெட்ரோல் பங்கில் இரண்டு நிமிடம் நின்று, டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்று பிடித்தால் போதும். டயர் சூடாகும் முன்பே, வீட்டுக்குப் பக்கத்து பங்கிலேயே பிடிப்பது நல்லது. பல பங்குகளில் இது இலவசம். அந்த எழுத்துக்கு மதிப்பு கிடைப்பதே அதற்குப் பிறகுதான்.