டில்லியில் மூன்று நாள்: டிக்கெட் செலவு எவ்வளவு?

"டில்லி போகிறோம், மியூசியம், கோட்டை என்று டிக்கெட்டுக்கே பணம் கரைந்துவிடுமாமே?" என்று போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். 2023 டிசம்பரில் நாங்கள் போய் வந்த கணக்கை அவளிடம் சொன்னேன். உங்களுக்கும் உதவுமே என்று இங்கே எழுதுகிறேன்.

நானும் இவரும், இரண்டு குழந்தைகள், 81 வயது மாமியார். ஒரு ஏஜெண்டு, கார் வாடகை தனி, "எல்லா டிக்கெட்டும் கைடும் சேர்த்து" தலைக்கு 1,500 ரூபாய் என்றார். இவர் பர்ஸை எடுத்தேவிட்டார்! "கொஞ்சம் இருங்க" என்று ஒரு பழைய கவரின் முதுகில் கணக்குப் போட்டேன். குதுப் மினார் 40, ஹுமாயூன் சமாதி 40, தேசிய அருங்காட்சியகம் 20. காந்தி ஸ்மிருதிக்கும் இந்திரா காந்தி நினைவு இல்லத்துக்கும் டிக்கெட்டே கிடையாது. ஆக, பெரியவர்கள் மூன்று பேருக்கும் சேர்த்து 300 ரூபாய்! குதுப் மினார், ஹுமாயூன் சமாதி போன்ற தொல்பொருள் துறை இடங்களில் 15 வயதுக்குக் கீழே இலவசம். செல்போனிலேயே டிக்கெட் எடுத்ததில் ஆளுக்கு 5 ரூபாய் குறைந்தது, வரிசையில் நிற்கிற வேலையும் மிச்சம்.

வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கூட வந்தால் மட்டும் உஷார். குதுப் மினாரில் வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். ஆனால் ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் நம் கட்டணமேதான். அட்டையைப் பெட்டிக்குள் பூட்டிவிட்டுப் போகாதீர்கள்.

டிக்கெட்டைவிடப் பெரிய நஷ்டம் திங்கட்கிழமை. அன்று தேசிய அருங்காட்சியகம், செங்கோட்டை, காந்தி ஸ்மிருதி, இந்திரா இல்லம் எல்லாமே மூடியிருக்கும். முன்பு ஒரு தடவை அது தெரியாமல் ஆட்டோவுக்கு ஆட்டோ மாறி, பூட்டிய கேட்டுகளாகப் பார்த்துவிட்டு வந்தவள் நான். அதனால் இந்தத் தடவை ஞாயிறு அருங்காட்சியகம், திங்கள் குதுப் மினாரும் ஹுமாயூன் சமாதியும், செவ்வாய் மற்ற இரண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

ஏப்ரல் 18, நவம்பர் 19 தேதிகளில் தொல்பொருள் துறை இடங்களில் இலவச அனுமதி உண்டு. வயதானவர்களோடு போகிறவர்களுக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். 40 ரூபாயை மிச்சம் பிடித்துவிட்டு அந்தக் கூட்டத்தில் யார் இடிபடுவது?

அருங்காட்சியகத்தில் எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாதீர்கள், கால்தான் வீங்கும். மொகஞ்சதாரோ நடனப் பெண்ணைப் பாருங்கள். ஒரு சாண்கூட உயரமில்லை, இடது கை முழுக்க வளையல்! பிறகு வெண்கலச் சிலைகள். புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவரங்குளம் நடராஜர் முன்னால் மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "நம்ம ஊரு சாமி, இங்க வந்து நிக்கிறாரே. பூ கூட இல்லியே" என்றார். காவலர் ஒன்றும் சொல்லவில்லை.

டிக்கெட்டில் மிஞ்சிய பணத்தில் எங்கும் ஆட்டோ வைத்துக்கொண்டோம். முழங்கால் வலிக்காரரிடம் பஸ் சிக்கனம் பேசக்கூடாது.

செவ்வாய் காலை இந்திரா இல்லம். குண்டு துளைத்த அந்தப் புடவையையும், ஸ்ரீபெரும்புதூரில் 1991-ல் ராஜீவ் காந்தி உடுத்தியிருந்த துணியின் மிச்சத்தையும் பார்த்ததும் குழந்தைகள் வாயடைத்துப் போனார்கள். சின்னக் குழந்தை என்றால் அந்த அறையைத் தாண்டிக் கூட்டிப் போய்விடலாம்.

அங்கிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான் காந்தி ஸ்மிருதி. காந்திஜி தம் கடைசி 144 நாட்களைக் கழித்த வீடு. 1948 ஜனவரி 30 மாலை அவர் பிரார்த்தனைக்கு நடந்துபோன பாதையில் காலடிகளைப் பதித்து வைத்திருக்கிறார்கள். மாமியார் என் கையை உதறிவிட்டு, அவற்றின் பக்கத்திலேயே ஒவ்வொரு அடியாக நடந்தார். முடிகிற இடத்தில் வெகுநேரம் நின்றார்.

"அன்னிக்கு எங்க வீட்ல அடுப்பே பத்த வைக்கல. எங்கப்பா அழுது அப்பதான் பாத்தேன். எனக்கு அஞ்சு வயசு இருக்கும்" என்றார். எங்களிடம் அதுவரை சொன்னதே இல்லை.

வெளியே வந்து ஆட்டோவைக் கூப்பிட்டேன். மாமியார் கேட்டைத் திரும்பிப் பார்த்தார். "காசு ஒண்ணும் கேக்கலியே. இன்னொரு வாட்டி உள்ள போயிட்டு வரலாமாடீ?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஆட்டோவைப் போகச் சொல்லிவிட்டேன்.