முந்தி வந்தவருக்கா, படிக்கும் பிள்ளைக்கா?

துண்டு போட்டு இடம் பிடிப்பது நம்மவர்களுக்கு மட்டுமே உரிய வழக்கம் என்று நினைப்பவர்கள், அமெரிக்காவில் ஒரு கல்லூரிப் பேஸ்பால் ஆட்டத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே துண்டுக்குப் பதில் கம்பளி விரிப்பு. பலகை வரிசையில் ஒருவர் ஆறு பேருக்கு இடம் பிடித்து வைத்திருப்பார். அவரைத் தவிர மற்ற ஐந்து பேரும் வந்திருக்க மாட்டார்கள். இடம் தேடி வருகிறவர் நின்று கேட்பார். "ஆள் வருகிறது" என்று பதில் கிடைக்கும். தகராறு அங்கே தொடங்கும்.

அது ஒரு விரிப்போடு முடிவதில்லை. ஆட்ட சீசன் வந்தால் பல ஊர்களில் ரசிகர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுகிறார்கள். நம்பர் போடாத பொது டிக்கெட்டில் வருகிறவர்கள் ஒரு கட்சி. மாணவர்கள் மற்றொரு கட்சி. மாணவர்களுக்கென்று தனி இடம் ஒதுக்க வேண்டுமா? ஒதுக்கிய இடம் காலியாகக் கிடந்தால் மற்றவர் உட்காரலாமா? கேள்வி சிறியதுதான். ஆனால் பொது இடம் யாருக்குச் சொந்தம் என்ற பெரிய கேள்வி அதற்குள் இருக்கிறது.

ஊரை மிஞ்சும் கூட்டம்

கல்லூரிப் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்துக்கு இவ்வளவு சண்டையா என்று கேட்கத் தோன்றும். மிசிசிப்பி மாநிலத்தில் ஸ்டார்க்வில் என்று ஓர் ஊர். மக்கள்தொகை சுமார் 25 ஆயிரம். அங்குள்ள மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டூடி நோபிள் மைதானத்தில் 2023 ஏப்ரல் 15 அன்று, அதே மாநிலப் போட்டியாளரான ஓல் மிஸ் அணியுடன் நடந்த ஆட்டத்துக்கு 16,423 பேர் கூடினார்கள். பல்கலைக்கழக வளாக மைதானத்தில் நடந்த பேஸ்பால் ஆட்டங்களில் அது சாதனைக் கூட்டம்.

பேஸ்பாலும் கிரிக்கெட்டைப் போலப் பந்தும் மட்டையும் கொண்ட ஆட்டம். பக்கத்துக்கு 9 பேர்; 9 இன்னிங்ஸ். கல்லூரி சீசன் பிப்ரவரி நடுவில் தொடங்கி ஜூனில் முடியும். இறுதிச் சுற்று 1950 முதல் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் நடக்கிறது. 2010 வரை ரோசன்பிளாட் ஸ்டேடியம். 2011 முதல் சுமார் 24 ஆயிரம் பேர் அமரும் புதிய ஸ்டேடியம். அங்கும் எல்லை வேலிக்குப் பின்னால் பொது டிக்கெட் பகுதி உண்டு. நல்ல இடம் வேண்டுமென்றால் வெயிலில் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

மட்டை அடிப்பவருக்குப் பின்னால் உள்ள இடங்கள் விலை கூடியவை. அவை சீசன் டிக்கெட்காரர்களுக்கு. நாற்காலிக்கு நம்பர் உண்டு. தள்ளி, வேலிப் பக்கம் போகப் போக மாணவர்களும் பொது டிக்கெட்காரர்களும். இந்த இரு கூட்டத்துக்கும் நடுவில்தான் உரசல்.

இரு பக்க நியாயம்

பெரியவர்கள் சொல்வது இது: "மாணவர்கள் ஆட்டம் முழுவதும் நின்றுகொண்டே பார்க்கிறார்கள். பின்னால் இருப்பவருக்குத் தெரிவதில்லை. எதிர் அணியை ஏசுகிறார்கள். ஓல் மிஸ் மைதானத்தில் பந்து வேலியைத் தாண்டினால் மாணவர்கள் கையில் இருக்கும் பீரை வானத்தை நோக்கி வீசுகிறார்கள். குழந்தை குட்டியோடு வருகிறவர் எங்கே உட்காருவது? செவ்வாய், புதன் நாட்களில் நடக்கும் ஆட்டங்களுக்கு மாணவர் பகுதியில் பாதி காலி. நாங்கள் காசு கொடுத்துவிட்டு நிற்க, காலி இடத்துக்குக் காவல் எதற்கு?"

மாணவர்கள் சொல்வது வேறு: "ஆடுகிறவன் எங்களோடு படிக்கிறவன். சட்டையில் இருப்பது எங்கள் கல்லூரியின் பெயர். பல பல்கலைக்கழகங்களில் விளையாட்டுக்கென்று எங்களிடம் கட்டணமும் வாங்குகிறார்கள். கூச்சல் போட்டு அணிக்குத் தெம்பு கொடுப்பது நாங்கள். ஏழாவது இன்னிங்ஸ் முடிந்ததும் காரை எடுக்கக் கிளம்புகிறவர்கள் பெரியவர்கள்தான். ஒதுக்கீட்டை எடுத்துவிட்டால் எங்களுக்கு இடமே கிடைக்காது."

இரண்டிலும் உண்மை இருக்கிறது. இரண்டிலும் கொஞ்சம் மிகையும் இருக்கிறது.

நேரம் உள்ளவருக்கே இடம்

"முதலில் வருகிறவருக்கு முதல் இடம். இதைவிட நேர்மையான விதி உண்டா?" என்று பொது டிக்கெட்காரர்கள் கேட்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. பந்திக்கு முந்து என்று நம் பழமொழியும் சொல்கிறது.

ஆனால் முந்தி வரக்கூடியவர் யார்? நேரம் உள்ளவர். ஓய்வு பெற்றவர் பகல் 3 மணிக்கே வந்து விரிப்பைப் போட்டுவிடலாம். 4 மணி வரை வகுப்பில் இருக்கும் மாணவன் வர முடியாது. மாலை வரை கடையிலும் தொழிற்சாலையிலும் நிற்கும் தொழிலாளியும் வர முடியாது. மூவர் கையிலும் ஒரே டிக்கெட். மூவருக்கும் ஒரே விதி. ஆனால் இடம் கிடைப்பது ஒருவருக்கே.

ஷிப்டு முடிந்து வியர்வையோடு ஸ்டேஷனுக்கு ஓடி வருகிறவருக்குப் பொதுப் பெட்டியில் எந்த இடம் கிடைக்கிறது என்பது மும்பைத் தமிழருக்குத் தெரியாததல்ல. கதவோரம் கிடைக்கும். அல்லது கழிவறை வாசல். விதி எல்லோருக்கும் பொது என்பதால் மட்டும் அது எல்லோருக்கும் நியாயம் ஆகிவிடாது.

லாரி வண்டி சொல்லும் பாடம்

பொது இடம் கடைசியில் என்ன ஆகும் என்பதற்கு ஸ்டார்க்விலே சாட்சி. 1960களில் அங்கே ரசிகர்கள் சிறு லாரிகளைக் கொண்டுவந்து இடது பக்க வேலிக்குப் பின்னால் நிறுத்தி, அதன் மேல் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார்கள். அங்கேயே அடுப்பு மூட்டி இறைச்சி சுட்டுத் தின்றார்கள். அந்தப் பகுதிக்கு 'லெஃப்ட் ஃபீல்டு லவுஞ்ச்' என்று பெயரே வந்துவிட்டது. காசும் பகட்டும் இல்லாத நல்ல வேடிக்கை அது.

நாளாக நாளாக, வந்து நிறுத்தியவருக்கே அந்த இடம் என்று ஆயிற்று. தந்தை நிறுத்திய இடத்தில் மகன் உட்கார்ந்தான். புதிதாக வருகிறவர், பழையவர் யாராவது விட்டுக்கொடுத்தால்தான் உண்டு. 2019இல் முடிந்த புதுப்பிப்பில் பழைய வண்டிகள் போய் நிரந்தர மேடைகள் வந்துவிட்டன. யாரும் தீய எண்ணத்தோடு செய்ததல்ல. ஆனால் எல்லோருக்கும் பொது என்று தொடங்கிய இடம், சிலருக்குச் சொந்தம் என்று முடிந்தது.

11 உயிர்கள்

நம்பர் இல்லாத டிக்கெட்டில் வேறோர் ஆபத்தும் உண்டு. 1979 டிசம்பர் 3 அன்று ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் ஒரு பாட்டுக் கச்சேரி. பெரும்பாலான டிக்கெட்டுகளுக்கு நம்பர் கிடையாது. முந்துகிறவருக்கு முன் இடம். குளிரில் ஆயிரக்கணக்கானோர் வெளியே காத்திருந்தார்கள். திறந்த கதவுகளோ சில. கூட்டம் முண்டியடித்ததில் 11 பேர் நசுங்கி இறந்தார்கள். அதன்பின் அந்த நகரில் நம்பர் இல்லாத டிக்கெட்டுக்கே தடை போட்டார்கள். 2004இல்தான் தடை நீங்கியது.

பேஸ்பால் மைதானத்தில் அந்த நெரிசல் இல்லை என்பது உண்மை. ஆனாலும் வாசலில் ஒழுங்கு வேண்டும், உள்ளே இருக்கும் இடத்துக்குமேல் டிக்கெட் விற்கக் கூடாது என்ற பாடம் எல்லா மைதானத்துக்கும் உரியது.

இடையில் வரும் பணம்

இந்தச் சண்டையில் சத்தம் போடாமல் நிற்கும் மூன்றாவது ஆள் நிர்வாகம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஒரு சமரசத்தின்படி, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டுக்கு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். வியர்வை சிந்துகிறவனுக்குக் கூலி கிடைப்பது நல்லதே. ஆனால் அந்தப் பணம் எங்கிருந்தாவது வர வேண்டும்.

அப்போது மாணவன் சும்மா உட்காரும் இடமும், ஊரார் குறைந்த விலைக்கு உட்காரும் இடமும் நிர்வாகத்தின் கண்ணில் படும். "இங்கே நாற்காலி போட்டு நல்ல விலைக்கு விற்கலாமே" என்ற யோசனை வரும். மாணவரும் ஊராரும் ஒருவர் இடத்தை ஒருவர் பறிக்கப் பார்க்கும்போது, இருவர் இடமும் மூன்றாமவர் கைக்குப் போய்விடும். பூனைகள் சண்டையிட, அப்பத்தைக் குரங்கு தின்ற கதைதான்.

செய்யக்கூடியது

மாணவர்களுக்குத் தனி இடம் வேண்டும். இதில் சந்தேகம் இல்லை. கல்லூரி ஆட்டத்தில் கல்லூரிப் பிள்ளைக்கு இடம் இல்லையென்றால் அது கல்லூரி ஆட்டமே அல்ல. நின்று பார்ப்பதும் கூச்சல் போடுவதும் அந்தப் பகுதிக்குள் இருக்கட்டும்.

ஆனால் ஒதுக்கீடு என்றால் காலி இடத்துக்குக் காவல் என்று பொருள் அல்ல. ரயிலில் பெர்த் வாங்கியவர் வரவில்லையென்றால், அந்த பெர்த் ஊர் போய்ச் சேரும்வரை சும்மா போவதில்லை. டிக்கெட் பரிசோதகர் அதை ஆர்.ஏ.சி. பயணிக்குக் கொடுக்கிறார். அதுபோல இரண்டாவது இன்னிங்ஸ் முடியும்வரை மாணவருக்காகக் காத்திருக்கலாம். பிறகும் காலியாக இருந்தால் பொது டிக்கெட்காரருக்குத் திறந்துவிடலாம். மே மாதம் வகுப்புகள் முடிந்து மாணவர்கள் ஊருக்குப் போனபின் நடக்கும் போட்டிகளில், ஒதுக்கும் அளவையே குறைக்கலாம்.

பொதுப் பகுதியிலும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். ஒருவர் தனக்கும் இன்னொருவருக்கும் இடம் பிடிக்கலாம். ஆறு பேருக்குப் பிடிக்கக் கூடாது. வேலை முடிந்து தாமதமாக வருகிறவர்களுக்கென்று ஒரு பகுதியை ஆட்டம் தொடங்கும் நேரம்வரை மூடி வைக்கலாம். இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. வாசலில் நிற்கும் ஊழியருக்குத் தெளிவான உத்தரவு இருந்தால் போதும்.

உத்தரவு வரும்வரை ரசிகர்கள் காத்திருக்க வேண்டியதும் இல்லை. ஆட்டம் தொடங்கியும் ஆள் வரவில்லையென்றால், விரிப்பைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, நிற்கிறவரைப் பார்த்து "உட்காருங்கள்" என்று சொல்லிவிடலாம். அதற்கு எந்த விதியும் தேவையில்லை.